நாள்வழிப் போர்க்குறிப்பும் தீவக மக்களும்
1942ஆம் ஆண்டை முன்வைத்து ஒரு நோக்கு

போர்களைப் பதிவு செய்யும் முறைகளுள் நாள்வழிக் குறிப்பே மிகவும் பழக்கமானது. இன்ன திகதியில் இன்ன துறைமுகம் வீழ்ந்தது, இன்ன கப்பல் மூழ்கிற்று, இன்ன படை சரணடைந்தது என நிலத்திலும் கடலிலும் நிகழ்ந்தவற்றை அது வரிசைப்படுத்தித் தருகின்றது. நிகழ்ச்சிகளின் முன்பின் தொடர்பை அறிய இவ்வரிசை இன்றியமையாதது. எனினும், அது எல்லா நாட்களுக்கும் ஒரே அளவான இடத்தை ஒதுக்குகின்றது. கப்பலின் பெயரைக் கூறிக் கப்பலில் வேலை செய்தவனின் பெயரை விட்டுவிடுகின்றது. துறைமுகம் வீழ்ந்த செய்தியைக் கூறி, அத்துறைமுகத்திலிருந்து வந்த அரிசியை உண்டு வாழ்ந்தோரைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது. இரண்டாம் உலகப்போரில் 1941 டிசெம்பர் தொடக்கம் 1942 ஏப்பிரல் வரையான காலப்பகுதியை எடுத்துக்கொண்டு, இத்தகைய குறிப்பொன்றை யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் நின்று எங்ஙனம் வாசிக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தீவகமும் கடல்வழியும்

ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரால் லெய்டன் என்றழைத்த வேலணைத்தீவிலே, ஊர்காவற்றுறைக்கு அணித்தாயமைந்த ஊர் புளியங்கூடல். சரவணை, நாரந்தனை, கரம்பொன், சுருவில் முதலிய அயலூர்களைப் போலவே, மழையை நம்பிய ஒருபோக நெற்செய்கையும் பனையும் தோட்டமும் இதன் நிலவளம். இந்நிலவளம் மட்டும் மக்களைத் தாங்கப் போதுமானதாக இருந்ததில்லை. ஆகவே தீவக மக்களின் வாழ்வு வெகுகாலமாகவே மூன்று வெளிவழிகளைச் சார்ந்து நின்றது. ஒன்று, கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் நடத்திய கடைவணிகம். இரண்டாவது, பாய்க்கப்பல் வழி நடைபெற்ற தென்னிந்திய, பர்மிய வணிகம். மூன்றாவது, மலாயாவில் பெற்ற உத்தியோகம்.

பின்னைய இரண்டும் கடலோடு நேரே தொடர்புடையன. கடற்கோட்டை காவல் நிற்கும் ஊர்காவற்றுறையும் வடகரையில் வல்வெட்டித்துறையும் பாய்க்கப்பல்களுக்குப் பேர்பெற்ற துறைகள். பர்மாவின் தேக்கும் அரிசியும் வங்காள விரிகுடாவைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைந்தன. 1938இல் அன்னபூரணி என்னும் வல்வெட்டித்துறைக் கப்பல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை அக்கடலோடிகளின் திறனுக்குச் சான்று. மலாயாவிலோ, 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு, மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அலுவலராகவும் தோட்டக் கிராணிமாராகவும் பணிபுரிந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் வீடாகவும் நிலமாகவும் சீதனமாகவும் கோயில் திருப்பணியாகவும் பாடசாலைக் கட்டடமாகவும் உருமாறியது.

இப்பொருளாதார அமைப்பு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நின்றது. இந்து சமுத்திரம் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் ஏரியாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. முதலாம் உலகப்போரில் அது ஒருகணம் ஆட்டங்கண்டது. 1914 செப்ரெம்பர் 22ஆந் திகதி இரவு எம்டன் என்னும் ஜேர்மனியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்து, பின் இலங்கையைச் சுற்றிச் சென்று கொழும்புக்கு மேற்கே வணிகக் கப்பல்களைப் பிடித்தது. நவெம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே அக்கப்பல் அழிக்கப்பட்டதோடு அச்சம் நீங்கிற்று. 'எம்டன்' என்ற சொல் மட்டும் அஞ்சத்தக்க சாமர்த்தியசாலியைக் குறிக்கும் வழக்காகத் தமிழில் நிலைத்துவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளின் பின் வந்த ஆட்டமோ அவ்வாறு எளிதில் நீங்குவதாயிருக்கவில்லை.

2. மூன்று திங்களில் அறுந்த இழைகள்

1941 டிசெம்பர் 8ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளை, மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் யப்பானியப் படை தரையிறங்கியது. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குக் குறிக்கப்படும் திகதி டிசெம்பர் 7. எனவே திகதிகளை மட்டும் நோக்குவோர் அத்தாக்குதலே முதலில் நடந்தது எனக் கொள்வர். உண்மையில் கோத்தா பாரு இறக்கமே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தியது. திகதிக் கோட்டின் இருபுறத்தும் நாட்கணக்கு வேறுபடுதலே இம்மயக்கத்துக்குக் காரணம். போரின் தொடக்கத்தை எவ்விடத்தில் நின்று எழுதுகிறோம் என்பது எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

டிசெம்பர் 10ஆந் திகதி, பிரின்ஸ் ஒவ் வேல்ஸ், றிப்பல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 840 பேர் மாண்டனர். விமானப் பாதுகாப்பின்றிச் செல்லும் போர்க்கப்பல், எத்துணைப் பெரிதாயினும், விமானத்துக்கு ஈடுகொடாது என்பது அன்று உறுதியாயிற்று. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் யப்பானியர் வசமாயிற்று. ஜனவரி 31இல் பிரித்தானியப் படை சிங்கப்பூருக்குப் பின்வாங்கிப் பாலத்தைத் தகர்த்தது. பெப்ரவரி 15இல் தளபதி பேர்சிவல், யமஷிற்றாவிடம் சரணடைந்தார். மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23இல் அந்தமானின் போர்ட் பிளேயர் பறிபோயிற்று.

இவ்வரிசையில் பெப்ரவரி 15, மார்ச் 8 ஆகிய இரு நாட்களை எடுத்துக்கொள்வோம். இராணுவ வரலாற்றாசிரியர் முன்னதை ஏகாதிபத்தியத்தின் மானபங்கமாகவும், பின்னதைச் சீனத்துக்குச் செல்லும் தரைவழி அடைபடுதலின் தொடக்கமாகவும் காண்பர். தீவகத்தைப் பொறுத்தவரை முன்னது கடிதமும் காசுக்கட்டளையும் நின்ற நாள். பின்னது அரிசி நின்ற நாள். போருக்கு முன் இலங்கை தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கை இறக்குமதி செய்தது. அவ்விறக்குமதிக்குப் பர்மாவே தலையாய ஊற்று. இருபத்தொரு நாள் இடைவெளியில் குடும்ப வருவாயும் உலை அரிசியும் ஒருங்கே அறுந்தன. குடியேற்றப் பொருளாதாரம் மக்களை எத்துணை மெல்லிய நூலில் தொங்கவிட்டிருந்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல சான்று வேறில்லை.

3. ஏப்பிரல் 4 முதல் 9 வரை

மார்ச் மாதத்தில் அட்மிரல் லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். அதிகாரம் தேசாதிபதி கால்டெகொற்றிடமிருந்து பெருமளவுக்குத் தளபதியிடம் சென்றது. மார்ச் இறுதியில் கீழைக் கடற்படைக்குத் தலைமையேற்ற அட்மிரல் சமர்வில், ஏப்பிரல் முதலாந் திகதியளவில் தாக்குதல் வரும் என எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வராமையால், நீரும் எண்ணெயும் நிரப்பும்பொருட்டு மாலைதீவின் அட்டு வளையத்தீவிலிருந்த மறைதளத்துக்குப் படையைத் திருப்பினார். கோர்ண்வோல், டோர்செற்ஷயர் என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கி திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டன. பின்வந்த நாட்களின் போக்கை இப்பிரிவினை பெரிதும் நிர்ணயித்தது.

ஏப்பிரல் 4, சனி: கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா கடல்விமானத்தில் கனடியரான பேர்ச்சல், தென்கிழக்குத் திசையில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். அட்மிரல் நகுமோவின் தலைமையில் அக்காகி, சோரியு, ஹிரியு, ஷோக்காக்கு, சுயிக்காக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிகள் அதில் இருந்தன. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் வீழ்த்தப்பட்டது, உயிர்தப்பியோர் சிறைப்பட்டனர். எனினும் எச்சரிக்கை கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல அன்றிரவே வெளியேற்றப்பட்டன.

ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு: காலை ஏழரை மணியளவில் ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரெனிடோஸ், ஹெக்ரர் என்னும் கப்பல்கள் துறைமுகத்திலேயே மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையும் குண்டுக்கு இலக்காகியது. அன்று பிற்பகல், சமர்விலோடு சேர விரைந்துகொண்டிருந்த கோர்ண்வோலும் டோர்செற்ஷயரும் சில நிமிடங்களில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தனர். ஒரு பகலும் ஓரிரவும் நீரில் மிதந்த 1,122 பேர் மறுநாள் மீட்கப்பட்டனர்.

ஏப்பிரல் 6, திங்கள்: அட்மிரல் ஒசாவாவின் தலைமையில் வேறொரு படை வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடிற்று. இப்படையால் மூழ்கடிக்கப்பட்டவை 23 கப்பல்கள். அன்றே விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்குள்ளாயின. தொடர்ந்த நாட்களில் தரையிறக்கம் நிகழப்போகிறதென்ற பொய்ச்செய்தியால் சென்னை நகரம் வெறிச்சோடியது; அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தன.

ஏப்பிரல் 7, செவ்வாய்: போர் எதிர்ப்புக் கொள்கையின் பொருட்டு 1940 யூன் முதலாகச் சிறையிடப்பட்டிருந்த என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாசக் கட்சித் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். போர்க்குறிப்புகளில் இந்நாள் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படும்.

ஏப்பிரல் 9, வியாழன்: காலையில் திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன, எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. முன்னிரவே துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்த ஹேர்மிஸ், விமானங்களின்றி மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. அவுஸ்திரேலியக் கப்பலான வம்பயரும் உடன் மூழ்கிற்று. ஹேர்மிஸ் கப்பலில் மட்டும் 307 பேர் இறந்தனர். வைற்றா என்னும் மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் மீட்டது. அதே நாளில் பிலிப்பைன்சின் பற்றான் படை யப்பானியரிடம் சரணடைந்தது. தில்லியிலே கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சு முறியுந் தறுவாயில் இருந்தது.

பின்னர் நகுமோவின் படை கிழக்கே திரும்பிற்று. இலங்கையைக் கைப்பற்றுவது அப்பயணத்தின் நோக்கமாக இருக்கவில்லை. பிரித்தானியக் கப்பற்படையை முடக்குவதே நோக்கம். சீனத்தில் சிக்குண்டிருந்த யப்பானியத் தரைப்படையிடம் இலங்கைக்கு அனுப்பத்தக்க மேலதிக வலிமையும் இல்லை. பிரித்தானியப் படையின் ஒரு பகுதி ஆபிரிக்காவின் கிலிந்தினிக்கு விலகிற்று. கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் மூன்று, இரண்டு திங்களின் பின் மிட்வேயில் அழிந்தன.

4. குறிப்பு கூறாதவை

இந்நாட்குறிப்பைத் திறனாயுமிடத்து மூன்று குறைபாடுகள் புலனாகின்றன.

முதலாவது, எண்ணிக்கை பற்றியது. ஏப்பிரல் 5இல் இருபதுக்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகப் பிரித்தானியத் தரப்பு உரிமை கோரியது. யப்பானியப் பதிவுகளோ கொழும்புத் தாக்குதலில் ஏழு விமானங்களே இழக்கப்பட்டன எனக் காட்டுகின்றன. வான்சண்டையில் ஒரே விமானத்தைப் பலர் தத்தம் கணக்கிற் சேர்ப்பது இயல்பு. ஆனால் தணிக்கைக் காலத்திற் பத்திரிகைகளுக்குக் கிடைத்தது ஒரு பக்கத்துக் கணக்கே. வீரகேசரி, தினகரன், ஈழகேசரி முதலியவற்றின் போர்க்காலச் செய்திகளை ஆதாரமாகக் கொள்வோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். அவை பொய்யுரைத்தன என்பதன்று கருத்து; அவற்றின் கண்ணுக்குத் திரையிடப்பட்டிருந்தது என்பதே.

இரண்டாவது, எதிர்ப்புப் பற்றியது. 1942 மே 8ஆந் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினருட் சிலர் கலகஞ் செய்தனர். அது தோல்வியுற்றது. கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கௌடர், பெனி டி சில்வா ஆகிய மூவர் அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திற் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். அப்போரில் கலகக் குற்றத்துக்காக மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்களே. 1914இல் எம்டன் அழிந்த தீவுக்கூட்டத்தில் 1942இல் நடந்த இந்நிகழ்ச்சி, முன்னதைப் போல மக்கள் வழக்கிற் சொல்லாக நிலைபெறவில்லை. எதிரியின் சாகசத்தை வெளிப்படையாகப் பேசிய ஆட்சி, தன் சொந்தப் படையின் மறுப்பை மறைத்தமையே காரணமாகலாம்.

மூன்றாவது, உழைப்போரைப் பற்றியது. மூழ்கிய வணிகக் கப்பல்களின் பெயரும் நிறையும் நமக்குத் தெரியும். அக்கப்பல்களின் இயந்திர அறைகளிற் கரியள்ளிப் போட்ட இந்தியக் கடற்றொழிலாளர் குறிப்பின் ஓரத்திலேயே நிற்கின்றனர். பர்மாவிலிருந்து கால்நடையாக வெளியேறிய இந்தியர் ஐந்து இலட்சமளவினர் என்பர்; வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுக்கு நாளுமில்லை, திகதியுமில்லை.

இக்குறைபாட்டின் உச்சநிலையைச் சயாம்–பர்மா மரண இரயில்பாதையிற் காண்கிறோம். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1942 நடுப்பகுதியில் தொடங்கப்பட்டு 1943 ஒக்ரோபரில் முடிந்தது. அதில் வேலை செய்விக்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் காஞ்சனபுரியிலே பெயர் பொறித்த கல்லறைகளில் உறங்குகின்றனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ ஒன்றே முக்கால் இலட்சத்துக்குக் குறையாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் இவர்களுட் பெரும் பகுதியினர். மாண்டோரின் தொகை பற்றிக் கிடைப்பவை மதிப்பீடுகளே; 90,000 என்பது பொதுவாகக் கூறப்படுவது. கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் வைத்திருக்க அதிகாரிகள் இருந்தனர்; கூலிக்கு எவரும் பட்டியல் வைத்திலர்.

இங்கு ஒரு வர்க்க வேறுபாடும் கருதத்தக்கது. மலாயாவிலிருந்த யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் எழுதுகோல் பிடித்தவர். தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர் றப்பர் பால் வெட்டியவர். மரண இரயில்பாதைக்குப் பெருமளவிற் சென்றவர் பின்னவரே. உத்தியோகத்தரும் சம்பளமின்மை, பசி, போர் முடிவில் செல்லாக்காசான யப்பானிய நோட்டு ஆகியவற்றால் துயருற்றனர் என்பது உண்மை. எனினும் 'மலாயாத் தமிழர் பட்ட துன்பம்' என்று ஒருமையிற் பேசும்போது, யாருடைய துன்பம் நினைவுக் குறிப்பாக எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படாது போயிற்று என்ற வினா எழுதல் வேண்டும்.

5. கூப்பனும் சங்கக்கடையும்

கடற்போர் ஆறு நாளில் முடிந்தது. அரிசிப்போர் ஆண்டுகள் நீடித்தது. 1942இல் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் என்ற சொல் வீடுதோறும் புகுந்தது. பங்கீட்டை மக்களிடம் சேர்க்கும் கருவியாகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. யாழ்ப்பாணத்தார் அவற்றுக்கு இட்ட பெயர் சங்கக்கடை. அரிசிக்குப் பதிலாக மரவள்ளியும் குரக்கனும் உலையேறின. தீவகத்தில், ஒடியல் மீண்டும் முதன்மையுணவின் இடத்தை நோக்கி நகர்ந்தது. பர்மிய அரிசி மலிவாக வந்த தலைமுறைகளில் ஏழையின் உணவெனத் தாழ்த்தப்பட்ட பனம்பொருள், கப்பல் நின்றபோது எல்லோருக்கும் பொதுவாயிற்று.

வங்காளத்தில் இதே அரிசித் தடை, ஆட்சியின் அலட்சியத்தோடும் பதுக்கலோடும் கூடி, 1943இல் இருபது முதல் முப்பது இலட்சம் வரையான உயிர்களைக் குடித்தது. இலங்கையில் அத்தகைய பேரழிவு நிகழாமைக்குப் பங்கீடு ஒரு முக்கிய காரணமாகும். இதனை ஆட்சியாளரின் கருணை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மலாயா பறிபோனபின் நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரின் முதன்மையான ஊற்று இலங்கை. அதனை வெட்டும் தொழிலாளி உண்ண வேண்டியிருந்தது. சர்வசன வாக்குரிமை 1931 முதல் நிலவியமையும் அரசாங்க சபை மக்கள் பசிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தமையும் உடன் எண்ணத்தக்கன.

போர்க்கால ஏற்பாடு போரோடு ஒழியவில்லை. மலிவு விலை அரிசி மக்களின் உரிமையாக வளர்ந்தது. 1953இல் அதன் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ற் 12ஆந் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. கண்டிச் சிறையிலிருந்து 1942இல் தப்பியவர்களின் கட்சி அவ்வெழுச்சியின் முன்னணியில் நின்றது. ஆக, இரங்கூன் வீழ்ந்த மார்ச் 8ஐயும், சிறை உடைந்த ஏப்பிரல் 7ஐயும், ஹர்த்தால் நிகழ்ந்த ஓகஸ்ற் 12ஐயும் ஒரே நேர்கோட்டில் வைத்து நோக்கும்போதே நாள்வழிக் குறிப்பு வரலாறாக மாறுகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட 1942 யூலை 1ஆந் திகதியும் இக்காலப்பகுதியைச் சேர்ந்ததே; நமது உயர்கல்வியும் கூப்பன் காலத்திற் பிறந்த குழந்தை என்பதை மறத்தலாகாது.

6. செய்ய வேண்டியது

போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகள் இலண்டனிலும் தோக்கியோவிலும் பேணப்படுகின்றன. தீவகத்தின் நாட்குறிப்பு எங்கே உளது? அது மலாயாவிலிருந்து வந்த கடைசிக் கடிதங்களிலும், காசுக்கட்டளைத் துண்டுகளிலும், கூப்பன் புத்தகங்களிலும், சங்கக்கடைப் பேரேடுகளிலும், பாடசாலைச் சம்பவத் திரட்டுகளிலும், கோயிற் கணக்குகளிலும், காணி உறுதிகளிலும் சிதறிக் கிடந்தது. அச்சேடுகள் பலவற்றைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் முதலாந் திகதியையொட்டிய இரவில் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1990ஐ அடுத்து வந்த இடப்பெயர்வில் தீவக மக்களிற் பெரும்பாலோர் வீடுகளை விட்டு நீங்கினர். பெட்டகங்களில் இருந்த தாள்கள் அவர்களோடு சென்றவை சில, மழைக்கும் கறையானுக்கும் இரையானவை பல.

1942இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவர்களது நினைவைத் திகதியோடு ஒப்புநோக்கிப் பதிவு செய்யும் காலம் மிகக் குறுகியது. புளியங்கூடல் போன்ற ஓர் ஊரை எடுத்து, மலாயாவுக்குச் சென்ற குடும்பங்கள், 1942க்கும் 1945க்கும் இடையில் அவர்களிடமிருந்து வந்ததும் வராததும், அக்காலத்தில் ஈடுவைக்கப்பட்ட காணிகள், தொடங்கப்பட்ட சங்கக்கடை, இடைநின்ற பிள்ளைகள் ஆகியவற்றைத் திரட்டினால், ஏப்பிரல் 5க்கும் 9க்கும் பக்கத்தில் எழுதுவதற்கு நமக்கும் சில வரிகள் கிடைக்கும். காணி உறுதிகள் காணிக் கந்தோர்ப் பதிவுகளிலும் உள்ளமையால் அவற்றை இன்றும் சரிபார்க்கலாம். மலேசியாவிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் வழித்தோன்றல்களிடம் கடிதங்களின் மறுபாதி இருத்தல் கூடும்.

பெயரற்று மாண்ட தோட்டத் தொழிலாளரின் கணக்கை இத்தகைய முயற்சி முழுமையாக மீட்டுத்தராது. எனினும், தம் ஊரின் நாட்களைத் தாமே எழுதப் பழகியவர், பிறர் எழுதிய நாட்குறிப்பில் யார் விடுபட்டனர் என்பதை எளிதில் இனங்காண்பர். தமிழாய்வு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு முதியவரையும் ஒரு பேரேட்டையும் தேடிச் செல்வதே இதன் முதற்படியாகும்.